பால்துரை கிணற்றில் காணாமல் போன சூடு

ஸ்ரீவில்லிபுத்தூரில் நிலநீர் வெப்ப அளவைக் கோட்டம் என்று ஓர் ஆபீஸ் இருந்தது. தேரடிக்குப் பின்னால் ஒரு வாடகை மாடியில் நாலு மேசை, ஆறு பேர், ஒரு ஜீப், ஒரு தெர்மாமீட்டர், இவ்வளவுதான் அது. பூமிக்கு அடியில் ஓடுகிற தண்ணீரின் சூட்டை அளந்து சென்னைக்குச் சொல்வது அதன் வேலை. சென்னை கேட்டுக்கொள்ளும். சூடு கூடினால் என்ன செய்வது, குறைந்தால் என்ன செய்வது என்று சென்னையும் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருந்தது, யாருக்கு என்ன குறை.

அந்தத் தெர்மாமீட்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோட்டம் ஆரம்பித்தபோது வந்த முதல் தெர்மாமீட்டரை மகாராஜபுரத்தில் ஒரு கிணற்றுக்குள் விட்டார்கள். அது கயிறு நழுவி உள்ளே போய்விட்டது. அதற்கு விசாரணை நடந்தது. ஒரு பியூன் சஸ்பெண்ட் ஆனார். கிணற்றை ஒட்ட இறைத்துப் பார்த்ததில் ஒரு பித்தளைக் குடமும் ஜோடி இல்லாத செருப்பும் அகப்பட்டன, தெர்மாமீட்டர் அகப்படவில்லை. இரண்டாவது தெர்மாமீட்டர் வந்ததும் அதை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, இனிமேல் இது ஆபீஸ் வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். தெர்மாமீட்டர் தண்ணீரைத் தேடிப் போகாது, தண்ணீர்தான் தெர்மாமீட்டரைத் தேடி வர வேண்டும். அரசாங்கம் எழுந்து போய்க் கிணற்றைப் பார்ப்பது என்ன மரியாதை.

கோட்டத்துக்குத் தலைவர் சங்கையா. நல்ல மனுஷர் என்று ஊரில் சொல்வார்கள். யாருக்கும் எதுவும் செய்யாதவரை ஊர் அப்படித்தான் சொல்லும். தன் பொறுப்பில் இருந்த கிணறுகள் அத்தனைக்கும் போன வருஷத்து அளவைப் பார்த்து இந்த வருஷத்து அளவை எழுதிவிடுவார். போன வருஷத்து அளவு அதற்கு முந்தின வருஷத்திலிருந்து வந்தது. இப்படிப் பூமி எந்த வம்புதும்புக்கும் போகாமல் ஒரே சூட்டில் இருந்துகொண்டிருந்தபோது, எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில், சோழபுரம் பால்துரையின் கிணற்றையும் சேர்த்துக்கொள்ளும்படி சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. புதுக் கிணற்றுக்குப் போன வருஷம் என்று ஒன்று இல்லையே. வேறு வழி இல்லாமல் ஜீப்பை எடுத்தார்கள்.

பால்துரைக்கு அந்தக் கிணறும், அதைச் சுற்றி ஒன்றரை ஏக்கரும், வரப்பு ஓரமாகத் தென்னைகளும், நடுவில் ஒரு சின்ன ஓட்டு வீடும்தான் சொத்து. சுற்று வட்டாரத்தில் கிணறுகள் எல்லாம் சேறு தட்டிக் கிடந்த வருஷம் அது. பால்துரை கிணற்றில் மட்டும் வடமேல் மூலைப் பாறை இடுக்கிலிருந்து ஊற்று வந்துகொண்டே இருந்தது. அந்த தைரியத்தில் கோடை நெல் நட்டிருந்தார். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம். இன்னும் ரெண்டு தண்ணீர் பாய்ச்சினால் வீட்டுக்கு நெல் வந்துவிடும்.

ஜீப்பில் வந்தவர் டிரைவர் வேல்சாமி மட்டும்தான். கையில் ரெண்டு பாட்டில் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க கெணத்துத் தண்ணி வேணும். கவர்மெண்டுக்கு."

"குடிக்கவா?"

"அளக்க."

"எம்புட்டு இருக்குன்னா?"

"எம்புட்டு சூடுன்னு."

பால்துரைக்குச் சிரிப்பு வந்தது. "கையை விட்டுப் பாருய்யா. ஐஸ் மாதிரி இருக்கும். பல்லு கூசும்."

வேல்சாமி கிணற்றை எட்டிப் பார்த்தார். படி செங்குத்தாக இறங்கியது. "எனக்கு முட்டி வலி அண்ணாச்சி. நீங்களே மொண்டு குடுத்துருங்க" என்றார்.

பால்துரை இறங்கி, பாட்டில் ரெண்டையும் ஊற்று வாயில் பிடித்து நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். வேல்சாமி அவற்றை ஜீப்பின் முன் கண்ணாடியை ஒட்டிச் சாய்த்து வைத்தார். வெயில் நேரே அவற்றின் மேல் விழுந்தது.

"ஏய்யா, நிழல்ல வச்சுக் கொண்டு போயேன்யா."

"முடியாது அண்ணாச்சி. முன்ன ஒரு தடவை சீட்டுக்கு அடியில வச்சிருந்தேன், ஆபீசர் மகன் எடுத்துக் குடிச்சிட்டான். அதுலருந்து சாம்பிள் கண்ணுல படுற மாதிரிதான் இருக்கணும்னு அவிய சொல்லிட்டாவ."

ஜீப் நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் போகவில்லை. ராஜபாளையத்தில் சங்கையாவின் மச்சான் வீட்டில் ஒரு கட்டிலை இறக்கியது. ரேஷன் கடை வாசலில் நின்றது. ஹோட்டல் வாசலில் வேல்சாமி சாப்பிடும்வரை நின்றது. சாப்பிட்ட களைப்புக்கு அவர் ஒரு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார், ஜீப்புக்கு மரத்தடியில் இடம் இல்லை. சாயங்காலம் ஆபீஸுக்கு வந்த பாட்டிலை வெறுங்கையால் பிடிக்க முடியவில்லை. சங்கையா பீரோவைத் திறந்து, தெர்மாமீட்டரை எடுத்து, உள்ளே விட்டார். நாற்பத்திநாலு டிகிரி.

சங்கையா உட்கார்ந்துவிட்டார். சர்வீஸில் சேர்ந்ததிலிருந்து எதையுமே கண்டுபிடிக்காமல் இருந்த மனுஷர். அவருக்கு ஒரு வெந்நீர் ஊற்றே வந்து வாய்த்துவிட்டது.

இன்னொரு பாட்டில் மதுரைக்குப் போனது, தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு. கோட்டத்தின் கண்ணாடிப் பாட்டில்களை எல்லாம் எப்போதோ ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டார்கள். அதனால் மதுரைக்குப் போனது சங்கையா வீட்டு இருமல் மருந்து பாட்டில். கழுவித்தான் அனுப்பினார்கள், ஆனால் அரசாங்கக் கழுவல். நீரில் இனிப்பும், லேசான மயக்கம் தரும் குணமும், நெஞ்சுச் சளிக்கு உகந்த பொருளும் காணப்படுவதாக மதுரையிலிருந்து பதில் வந்தது. வெந்நீர் ஊற்று இப்போது மருத்துவ வெந்நீர் ஊற்று ஆகிவிட்டது.

மறுவாரம் ஆட்கள் வந்து கிணற்றைச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். மோட்டார் ரூமிலிருந்து ஃபியூஸைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். 'அபாயம். வெந்நீர் ஊற்று. நீர் இறைத்தல் தண்டனைக்குரியது' என்று போர்டு நட்டார்கள். நட்ட ஆட்களுக்கு வேர்த்துக் கொட்டியது. கம்பிக்கு இடையில் குனிந்து போய் அந்தக் கிணற்றிலேயே தண்ணீர் மொண்டு முகம் கழுவி, குடித்து, ஆகா என்ன குளிர்ச்சி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பால்துரை அன்றைக்கே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸுக்கு வந்தார். சங்கையா அவரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் சந்தோஷமாக இருந்த காலம் அது.

"ஐயா, அது பச்சத் தண்ணிங்க. கையை விட்டுப் பாத்தாத் தெரியும்."

"கை ஒரு கருவி இல்ல பால்துரை. ஒங்க கைக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தது? என் கைக்கே கிடையாது."

"அப்ப தெர்மாமீட்டரைக் கொண்டாந்து கெணத்துல விட்டுப் பாருங்கய்யா."

சங்கையாவின் முகம் மாறியது. பீரோ பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நீங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சிக்கணும். தண்ணி ஒங்க கிணத்துல இருக்கலாம். சூடு எங்க ஆபீஸ்லதான் இருக்கு. அதை இங்கதான் பார்க்க முடியும்."

"ஐயா, நெல்லு பால் பிடிச்சு நிக்குது. ரெண்டே ரெண்டு தண்ணி. அதுக்குப் பொறவு நீங்க என்ன வேணும்னாலும் அளந்துக்கிடுங்க."

"வெந்நீரை விட்டா நெல்லு வெந்துரும்யா. ஒங்க பயிரைக் காப்பாத்தத்தான் நாங்க இம்புட்டுப் பாடுபடுறோம். அது ஒங்களுக்கு இப்ப தெரியாது."

தெரியத்தான் இல்லை. வீட்டுக்கு வந்து பெண்டாட்டி செல்லத்தாயிடம் சொன்னார். "ஏங்க, நான் தெனமும் அந்தத் தண்ணியிலதான குளிக்கேன். வெந்நியா இருந்தா எனக்குத் தெரியாதா" என்றாள் அவள். "தெரியாதாம். நமக்குச் சர்டிபிகேட் இல்லையாம்" என்றார் பால்துரை.

செல்லத்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு கம்பிக்குள் புகுந்தாள். குடம் குடமாகச் சுமந்து வாய்க்காலில் ஊற்றினாள். ஒன்றரை ஏக்கர் நெல்லுக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு. முள்கம்பி கிழித்துக் கை, முதுகு எல்லாம் ரத்தம். ஆபீஸுக்கு அதுகூடப் பொறுக்கவில்லை. சங்கையா ஆள் வைத்துக் குடத்தைப் பறிமுதல் செய்தார். இயற்கைச் செல்வத்தைக் கையாடல் செய்ததாக அவள்மேல் புகார் எழுதினார்கள். குடத்தைத் தொட்டுப் பார்த்த ஆள் குளிர்ச்சியாக இருக்கிறதே என்றான். வெளியே எடுத்ததும் ஆறியிருக்கும் என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பால் பிடித்த கதிர் பதராகிப்போனது. தீ வைத்தால் மடமடவென்று எரியும் போல வயல் நின்றது. சங்கையா அதைப் பார்க்க நேரில் வந்தார். வரப்பில் நின்று ஒரு கதிரைப் பிடுங்கி நசுக்கிப் பார்த்தார். கூட வந்தவர்களிடம், "பாத்தீங்களா, வெந்நீர் பட்ட பயிர் இப்படித்தான் ஆகும். சொல்லச் சொல்லக் கேக்காம அந்தம்மா குடத்துல மொண்டு ஊத்தியிருக்கு" என்றார். செல்லத்தாய் அங்கேதான் நின்றாள்.

இத்தனைக்கு நடுவிலும் சாம்பிள் எடுப்பது நிற்கவில்லை. மாசா மாசம் வேல்சாமி வந்தார், பால்துரை இறங்கி மொண்டு கொடுத்தார், பாட்டில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து ராஜபாளையம் சுற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. பால்துரைக்கு ஒரு யோசனை வந்தது. ராஜபாளையத்தில் சோடாக் கடை வைத்திருந்த அல்லா பிச்சை அவருக்குப் பழக்கம். விஷயத்தைக் கேட்டு அல்லா பிச்சை வயிறு வலிக்கச் சிரித்தார், பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டார். "இதுக்கு எதுக்கு மாப்ள மனு கினுன்னு அலையுதீரு. ஐஸ் தாரேன், சுத்தி அனுப்பும். ஜில்லுன்னு போயிச் சேரட்டும்" என்றார். ஐஸ் கட்டியை உடைத்து, மரத்தூள் போட்டு, சாக்கில் சுற்றிப் பாட்டிலை நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். ரெண்டு கலர் சோடாவுக்கு வேல்சாமி அதை மடியில் வைத்துக் கொண்டுபோகச் சம்மதித்தார்.

ஒன்பது டிகிரி.

பால்துரை பஸ் ஏறி ஓடினார். இந்தத் தடவை சங்கையா உட்காரச் சொல்லவில்லை. அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

"இப்ப நம்புறீங்களாய்யா? பச்சத் தண்ணிதான?"

"ஏலே, ஒனக்கு இதோட பயங்கரம் தெரியலையா?" மரியாதை போய்விட்டிருந்தது. "போன மாசம் நாப்பத்திநாலு. இந்த மாசம் ஒம்பது. கண்ணாடித் தம்ளரைக் கொதிக்க வச்சு ஐஸ்ல போட்டா என்ன ஆகும்? விரிஞ்சிரும். ஒங் கிணத்துக்கு அடியில பூமியே விரியப் போகுது. நீ அதுக்கு மேல வீட்டைக் கட்டிக் குடியிருக்க."

"நான்தான்யா ஐஸ் வச்சேன். சோடாக் கடையில வாங்கி வச்சேன்."

"பாத்தியா, பயத்துல என்னென்னமோ ஒளறுதான்" என்றார் சங்கையா, பக்கத்து மேசையைப் பார்த்து, இரக்கத்தோடு.

ஆனி மாசத்தில் பால்துரையையும் செல்லத்தாயையும் வீட்டிலிருந்து கிளப்பினார்கள். பாத்திரம் பண்டங்களை எடுத்துத் தெருவில் வைத்தார்கள். உயிர் காக்கும் நடவடிக்கை என்று அதற்குப் பெயர். வளர்த்த ஆடு ரெண்டையும் அப்போதே விற்க வேண்டியதாயிற்று. சர்ச்சுக்காரர்கள் காம்பவுண்டில் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள், அதில் இருந்தார்கள். செல்லத்தாய் நூல் மில்லுக்குக் கழிவுப் பஞ்சு பொறுக்கப் போனாள். பால்துரை தினமும் போய் முள்கம்பிக்கு வெளியே நின்று கிணற்றைப் பார்த்துவிட்டு வருவார். ஊற்று அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தென்னைகள் மட்டை மட்டையாகத் தொங்க ஆரம்பித்தன.

மார்கழியில் சென்னையிலிருந்து இயக்குநரே வருகிறார் என்று சொன்னார்கள். கொதித்தும் உறைந்தும் மாறுகிற ஊற்றை நேரில் பார்க்க வேண்டுமாம். ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்குகிற வேலையும் அவருக்கு இருந்தது. பால்துரைக்குப் போன உயிர் வந்தது. "ஏட்டி, பெரிய ஆபீசர். அவரு கையை விட்டுப் பாத்தாப் போதும். அவரு கைக்குச் சர்டிபிகேட் இருக்கும்" என்றார். செல்லத்தாய் அவருக்கு வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

காய்ந்த வயலில் பந்தல் போட்டார்கள். சங்கையா வரவேற்றுப் பேசினார். "இங்கே நெல் காய்ந்துவிட்டது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். விளைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு குடும்பம் தின்றிருக்கும், அவ்வளவுதான். காய்ந்ததால்தான் இந்த வயல் இன்று சென்னைவரை தெரிந்திருக்கிறது. பால்துரை செய்த தியாகத்தைக் கோட்டம் மறக்காது. அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார், நாங்கள் விடவில்லை" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பின் வரிசையில் நின்ற பால்துரையும் தட்டினார், தட்டாவிட்டால் காரியம் கெட்டுவிடுமோ என்று.

இயக்குநர் மடியில் வெள்ளை நாய்க்குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அதைச் சங்கையாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "முப்பது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு கிணற்றையும் நேரில் பார்த்ததில்லை என்ற குறை இன்று தீர்ந்தது. கிணறு இவ்வளவு ஆழமாக இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நிலத்தடி நீர் ஏன் நிலத்துக்கு அடியில் இருக்கிறது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு வாளியில் தண்ணீர் இறைத்து அவர் முன்னால் வைத்தார்கள். இயக்குநர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு விரலை விட்டார். பிறகு கையையே விட்டார். ஐஸ் மாதிரி இருந்தது, வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"பச்சத் தண்ணிதானய்யா?" என்றார் பால்துரை.

"ஆமாம். பச்சைத் தண்ணீர்தான்."

பால்துரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. செல்லத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது, ஃபியூஸை மாட்டினால் தென்னையாவது பிழைக்கும் என்று ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

இயக்குநர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சங்கையா, நாற்பத்திநாலு டிகிரி எங்கே?"

"பதிவுல இருக்கு சார்."

"கிணற்றில் இல்லையே."

"இல்ல சார்."

"பதிவில் இருப்பது கிணற்றில் இல்லையென்றால் தப்பு எங்கே இருக்கிறது?"

"கிணத்துல சார்."

இயக்குநர் பால்துரை பக்கம் திரும்பினார். கோபம் இல்லாமல்தான் பேசினார். "பாருங்கள், அரசாங்கத்துக்குச் சொந்தமான சூடு உங்கள் நிலத்தில் இருந்தது. இப்போது இல்லை. நான் உங்கள் மேல் வழக்குப் போடலாம். வயதானவர் என்பதால் விடுகிறேன். அந்த நாற்பத்திநாலு டிகிரி திரும்ப வரட்டும். வந்துவிட்டால், தண்ணீரை ஆறவைத்து வயலுக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று நானே உத்தரவு போடுகிறேன். அதுவரை ஊற்றை யாரும் தொடக் கூடாது."

"ஆறவச்சா?" என்றார் பால்துரை.

"ஆறவைத்துத்தான். சூடாக விட்டால் பயிர் செத்துப்போகும், உங்களுக்குத் தெரியாதா?"

கோட்டத்துக்கு வெப்ப மீட்புத் திட்டம் என்று புதிதாக ஒன்று வந்தது. சங்கையாவுக்கு அதனால் பதவி உயர்வும், மாடி முழுவதும் ஆபீஸும், ஒரு புது ஜீப்பும் கிடைத்தன. இவ்வளவு முக்கியமான சாம்பிள் வெயிலில் வரலாமா என்று புது ஜீப்பில் ஒரு ஐஸ் பெட்டியும் வைத்துக் கொடுத்தார்கள். அதற்கு ஐஸ் போடும் ஆர்டர் அல்லா பிச்சைக்குத்தான் கிடைத்தது. அவர் பால்துரையைத் தெருவில் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார்.

தொண்ணூற்றொன்று வரைக்கும், எனக்குத் தெரிந்து, சாம்பிள் எடுக்கிற நாளன்று சோழபுரம் ரோட்டில் போனால் பால்துரை தோட்டத்தில் புகை தெரியும். நெல் அவிக்கிற அண்டாவைக் கல்லுக்கு மேல் ஏற்றி, கம்பிக்குள் போய்க் கிணற்றுத் தண்ணீரை மொண்டு வந்து நிரப்பியிருப்பார்கள். செல்லத்தாய் அடுப்பில் தென்னை மட்டையைத் தள்ளுவாள். காய்ந்து நின்ற மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி எரித்து, கடைசியில் மூன்றோ நாலோ மொட்டைத் தூர்தான் மிச்சம். தண்ணீர் தளபுளவென்று கொதித்ததும் துணியைச் சுற்றிப் பாட்டிலைப் பிடித்து நிரப்பி வைப்பார் பால்துரை. விரல் நுனியெல்லாம் கொப்புளம் கட்டித் தோல் உரிந்திருக்கும்.

வேல்சாமி வழக்கம்போல் கிணற்றுப் பக்கமே போக மாட்டார். பாட்டிலை வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைப்பார். பிறகு சங்கையாவின் மச்சான் வீடு, ரேஷன் கடை, ஹோட்டல், வேப்பமரம். சாயங்காலம் சங்கையா தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, இருபது, சூடு இன்னும் திரும்பவில்லை என்று சென்னைக்குச் சொல்லுவார்.

கடைசித் தூரை வெட்டி எரித்த அன்றைக்குப் பால்துரை பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ஜீப்பின் கதவை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"வேல்சாமி, இனிமே எரிக்க வெறகு இல்லய்யா. இந்த ஒரு தடவை, முன்ன மாதிரி கண்ணாடிக்கு முன்னால வெயில்ல வச்சுக் கொண்டு போயேன். ஒன் காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

வேல்சாமிக்கும் பாவமாகத்தான் இருந்தது. பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினார்.

"அதெப்படி அண்ணாச்சி, அளவு தப்பாப் போயிருமே" என்றார்.